சின்னப் பிள்ளைகளுக்குக் குதிப்புப் பயிற்சி: எது நிலைக்கும், எது கரைந்துபோகும்?

சனிக்கிழமை காலை. வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் சின்னச் சின்னத் தடைகள், ஒரு மரப்பெட்டி, புல்தரையில் ஏணிபோல் விரித்துப் போட்ட நாடா. பயிற்றுவிப்பாளர் விசில் ஊதியதும் ஒவ்வொருவராகத் துள்ளிக்கொண்டு போகிறார்கள். ஓரத்தில் பெற்றோர் கைத்தொலைபேசியில் காணொளி எடுக்கிறார்கள்.

அந்த வரிசையில் உங்கள் தம்பி இருக்கலாம், அக்கா மகள் இருக்கலாம். "இந்த வயசுல இப்படிக் குதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்? வளர்த்தி நின்னுடும்" என்று பாட்டி சொல்வார். "குதிச்சாத்தான் உயரமா வளருவான்" என்று மாமா சொல்வார். கடைசியில் இரண்டு பேரும் உங்களைப் பார்ப்பார்கள். இணையத்தில் தேடிப் படித்துச் சொல்வது வீட்டில் உங்கள் வேலையாயிற்றே!

பாட்டி சொல்வது சரியா, மாமா சொல்வது சரியா? ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம்.

அவசரத்தில் இருப்போருக்கு:

- பருவமடையாத பிள்ளைகளும் குதிப்புப் பயிற்சி செய்யலாம். அளவும் மேற்பார்வையும் முக்கியம்.
- குதிக்கும் தூரமும் ஓடும் வேகமும் கூடும். ஆனால் பயிற்சியை விட்டால் அந்தப் பலன் குறையத் தொடங்கும்.
- எலும்புக்குக் கிடைக்கும் பலன் பல ஆண்டு நீடிக்கக்கூடும்.
- எவ்வளவு தூரம் குதிக்கிறார் என்பதைவிட எப்படித் தரையிறங்குகிறார் என்பதைக் கவனியுங்கள்.

குதிப்புப் பயிற்சி என்றால் என்ன?

விளையாட்டுத் துறையில் இதை 'பிளையோமெட்ரிக்ஸ்' என்கிறார்கள். ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் பாய்ந்து போகும் அல்லவா? நம் தசையும் தசைநாணும் கிட்டத்தட்ட அப்படித்தான். குதிப்பதற்குமுன் முழங்காலை மடக்கிச் சட்டென்று தாழ்கிறோம். அப்போது தொடைத் தசை நீள்கிறது. நீண்ட கையோடு சுருங்கும்போது கூடுதல் விசை கிடைக்கிறது. தாழ்வதற்கும் எழுவதற்கும் நடுவே உள்ள நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பலன்.

இதை முறையான பயிற்சியாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் சோவியத் பயிற்றுவிப்பாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. உயரத்திலிருந்து கீழே குதித்து, தரையைத் தொட்டதும் மறுபடி மேலே எம்பும் பயிற்சியை அவர் 1960களில் பிரபலப்படுத்தினார். 'பிளையோமெட்ரிக்ஸ்' என்ற பெயரை 1975இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர் ஃபிரெட் வில்ட்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சி முதலில் உருவானது வளர்ந்த, தேர்ந்த வீரர்களுக்காக. சமூக ஊடகத்தில் நாம் பார்க்கும் 'பெட்டி மேலே பாய்ந்து ஏறும்' காணொளிகளும் பெரும்பாலும் அவர்களைப் பற்றியவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே கொடுக்கமுடியாது. ஆனால் ஸ்கிப்பிங், ஒற்றைக்காலில் நொண்டுவது, நின்ற இடத்திலேயே துள்ளுவது எல்லாமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இதில் நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு 'நாஃபா' தேர்வை மறக்கமுடியாது. 1982இல் அறிமுகமான தேர்வு அது. தொடக்கநிலை 4இலும் 6இலும் பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். அதன் அங்கங்களில் ஒன்று, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது. கோட்டுக்குப் பின்னால் நின்று, கையை வீசி, இரண்டு காலாலும் பாயவேண்டும். தேசிய சேவை செய்த அண்ணன்மாருக்கும் அது பழக்கமானதுதான். 2015இல் உடலுறுதித் தேர்வு மூன்று அங்கங்களாகச் சுருங்கும்வரை அதிலும் அந்தத் தாண்டல் இருந்தது.

நாஃபாவோடு கதை முடியவில்லை. விளையாட்டு, கலை போன்ற திறன்களைக் கொண்டு உயர்நிலைப் பள்ளியில் சேர வழிவிடும் நேரடிப் பள்ளிச் சேர்ப்புத் திட்டம் 2004இல் வந்தது. மாணவர்கள் தொடக்கநிலை 6இல், அதாவது ஏறக்குறைய 12 வயதில், விண்ணப்பிக்கிறார்கள். அதற்குத் தயாராகவேண்டுமென்றால் ஒன்பது, பத்து வயதிலேயே தொடங்கவேண்டும் என்று பல பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். துணைப்பாட வகுப்புபோல் இதற்கும் ஒரு வகுப்பு.

பிள்ளைமேல் உள்ள அக்கறையில் போடும் கணக்கு அது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், பலன் உண்டா?

உண்டு. 5 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட 7 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் தொகுத்துப் பார்த்தார்கள். குதிப்பதிலும் ஓடுவதிலும் பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பந்தை உதைக்கும் தூரம், சமநிலை, சட்டென்று திசைமாறும் திறன் ஆகியவையும் மேம்படக்கூடும் என்பதற்கு அறிகுறிகள் இருந்தன.

இன்னோர் ஆய்வு கிரேக்கத்தில் நடந்தது. ஏறக்குறைய 11 வயதுச் சிறுவர்கள் 10 வாரம் குதிப்புப் பயிற்சி செய்தார்கள். ஒரு வகுப்புக்கு 60 குதிப்புகளில் தொடங்கிப் படிப்படியாக 100வரை போனார்கள். 2006இல் வெளியான அதன் முடிவு சுவையானது. அவர்கள் உயரமாகக் குதித்தார்கள். 30 மீட்டர் ஓட்டத்திலும் வேகம் கூடியது. ஆனால் முதல் 10 மீட்டரில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை! குதிப்புப் பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்யும் மந்திரம் அல்ல என்பதற்கு அது ஒரு சான்று.

இந்த வகை ஆய்வுகளில் சிறுவர்களே அதிகம் பங்கெடுத்திருக்கிறார்கள். அதிலும் காற்பந்து விளையாடும் சிறுவர்கள் பலர். சிறுமிகளைப் பற்றிய தகவல் குறைவு. அதை நினைவில் வைத்தே முடிவுகளைப் பார்க்கவேண்டும்.

தசை பெரிதாகாமல் பலம் எப்படி வருகிறது?

பருவமடையும்போது ஹார்மோன்கள் கூடுகின்றன. தசை வேகமாகப் பெருப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பத்து வயதுப் பிள்ளை மூன்று மாதம் குதித்தாலும் தொடை அளவு பெரிதாக மாறாது.

மாறுவது நரம்புத் தொடர்பு. மூளை ஒரே நேரத்தில் அதிகத் தசை இழைகளை வேலைக்கு அழைக்கப் பழகுகிறது. எந்தத் தசை எப்போது இறுகவேண்டும், எப்போது தளரவேண்டும் என்ற ஒழுங்கு வருகிறது. புதிதாக சைக்கிள் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் தடுமாற்றம். இரண்டு வாரத்தில் சரளம். கால் பெருத்ததாலா ஓட்டமுடிந்தது? உடல் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆக, இந்த வயதில் குதிப்புப் பயிற்சி பெரும்பாலும் ஒரு பாடம். தப்பாகக் கற்றுக்கொண்டால் தப்பான பழக்கமும் அதேபோல ஒட்டிக்கொள்ளும்.

சரி, பாட்டியின் கேள்வி: வளர்ச்சி நின்றுவிடுமா?

பாட்டியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் 'வளர்ச்சித் தட்டு' என்ற மென்மையான பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அதில் கடுமையாக அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

ஆனால் முறையான, மேற்பார்வையுள்ள பயிற்சி அந்தத் தட்டைக் கெடுப்பதாகவோ உயரத்தைக் குறைப்பதாகவோ சான்று இல்லை. பிள்ளைகளின் தசைவலுப் பயிற்சி குறித்து அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும் அதுவே.

சும்மா ஓடும்போதே உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. பிள்ளை திடலில் ஓடிப் பிடித்து விளையாடும்போதும் மாடிப்படியில் கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதிக்கும்போதும் அதைத்தான் தாங்குகிறது. நாம் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை!

மாமாவின் கேள்வி: குதித்தால் உயரமாகலாமா?

மன்னிக்கவேண்டும் மாமா. ஆகமுடியாது. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மரபணு. சத்துணவு, உடல்நலம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. குதிப்பதால் எலும்பு கூடுதலாக நீள்வதில்லை.

குதிக்கும் விளையாட்டுகளில் உயரமானவர்கள் நிறைய இருப்பது உண்மை. உயரமாக இருந்ததால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். கூடைப்பந்து விளையாடியதால் உயரமாகவில்லை.

நிலைத்து நிற்பது எது?

எலும்பு நீளாது. ஆனால் உறுதியாகும். பெரும்பாலான விளம்பரங்களில் இந்தச் செய்தியைப் பார்க்கமுடியாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 6 முதல் 9 வயதுவரையிலான 89 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இரண்டு காலாலும் கீழே குதித்தது. ஒரு முறைக்கு 100 குதிப்பு, வாரம் மூன்று முறை, 7 மாதம். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் உடல் எடையைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு விசை. மற்றக் குழு தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தது. 2001இல் முடிவு வெளிவந்தது. குதித்த பிள்ளைகளின் தொடை எலும்புக் கழுத்தில் கனிமச் சத்து மற்றவர்களைவிட 4.5 விழுக்காடு அதிகம் கூடியிருந்தது. கீழ் முதுகெலும்பில் 3.1 விழுக்காடு.

அதைவிட முக்கியம், பின்னர் நடந்தது. பயிற்சி முடிந்து ஏறக்குறைய 8 ஆண்டு கழித்து, பங்கெடுத்தவர்களில் பலரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். இடுப்பு எலும்பின் அனுகூலம் குறைந்திருந்தது. ஆனால் மறையவில்லை. குதித்தவர்களுக்கு அப்போதும் 1.4 விழுக்காடு அதிகம் இருந்தது. ஏழு மாதம் குதித்ததன் பலன் பதின்ம வயதுவரை கூட வந்திருக்கிறது!

அந்தப் பெட்டி உயரத்தை வீட்டில் முயலவேண்டாம். அது மேற்பார்வையோடு நடந்த ஆய்வு. கனடாவில் இதைவிட எளிய வழியைச் சோதித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பள்ளி நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 குதிப்பு. எட்டு மாதம் கழித்து அவர்களுக்கும் தொடையின் மேல்பகுதி எலும்பில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரு நாளைக்குச் செலவான நேரம் சில நிமிடம்தான்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் சுறுசுறுப்பாக இயங்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது அதில் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் நடவடிக்கை இருக்கவேண்டும் என்றும் அது சேர்த்தே சொல்கிறது. குதிப்பது அதில் அடங்கும்.

கரைந்துபோவது எது?

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம்.

பயிற்சியால் கூடிய வேகமும் தாண்டும் தூரமும் தொடர்ந்து செய்தால்தான் இருக்கும். விட்டுவிட்டால் சில வாரங்களில் குறையத் தொடங்கும். அதோடு பருவமடையும் வேகம் வேறு குறுக்கிடும்.

சிறுமிகள் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள், சிறுவர்கள் 9 முதல் 14 வயதுக்குள் பருவ மாற்றத்தைத் தொடங்குகிறார்கள். உயரம் ஆக வேகமாகக் கூடும் காலம் சிறுமிகளுக்கு ஏறக்குறைய 12 வயது, சிறுவர்களுக்கு ஏறக்குறைய 14. ஆக ஒரே தொடக்கநிலை 6 வகுப்பில் கிட்டத்தட்ட இளையரைப்போல் உடல்வாகு கொண்டவரும் இருப்பார், இன்னமும் சின்னப் பிள்ளையாகவே இருப்பவரும் இருப்பார். ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு இடைவெளி வேறு.

இவர்களை ஒரே கோட்டில் நிறுத்தித் தாண்டச் சொன்னால் நாம் எதை அளக்கிறோம்? திறனையும் அளக்கிறோம். யாருடைய உடல் முந்திக்கொண்டது என்பதையும் சேர்த்து அளக்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

பள்ளிகள் ஒரே ஓர் அளவை வைத்து முடிவெடுப்பதில்லை. தெரிவுப் பயிற்சி, நேர்காணல் என்று வேறு பலவும் உண்டு. ஆனால் வீட்டில் நாம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறோம். 12 வயதில் 20 சென்டிமீட்டர் பின்தங்கிய பிள்ளை, "எனக்கு விளையாட்டு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் உடல் இன்னமும் வளரத் தொடங்கவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உண்மையில் கவலைப்படவேண்டியது முட்டியைப் பற்றி அல்ல, அந்த வாக்கியத்தைப் பற்றி.

அப்போ எவ்வளவு குதிக்கலாம்?

2011 தொகுப்பாய்வின் பரிந்துரை இது: வாரம் இரண்டு முறை, 8 முதல் 10 வாரம். ஒரு முறைக்கு 50 அல்லது 60 குதிப்பில் தொடங்கி வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அதைத் தாங்கமுடியாத பிள்ளைக்கு, குறைந்த கடினத்தில் நீண்டகாலம் செய்யலாம்.

வகுப்பில் பிள்ளை குதிப்பதை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே 200ஐத் தாண்டினால் கேள்வி கேட்கவேண்டும். இரண்டு வகுப்புக்கும் நடுவே குறைந்தது ஒருநாள் இடைவெளி இருக்கட்டும். அன்று பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை, சாயங்காலம் காற்பந்து என்று இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். காலுக்கு எது பயிற்சி, எது விளையாட்டு என்ற வேறுபாடு தெரியாது.

நல்ல தரையிறக்கம் எப்படி இருக்கும்?

பார்ப்பதற்குமுன் கேளுங்கள். 'தொம்' என்று சத்தம் வந்தால் விசையை எலும்பும் மூட்டும் வாங்குகின்றன என்று பொருள். சத்தம் மெதுவாக இருந்தால் தசை வாங்குகிறது.

- முன்பாதம் முதலில் பட்டு, பின்னர் குதிகால் இறங்கவேண்டும்.
- முழங்காலும் இடுப்பும் மடங்கவேண்டும். விறைத்த காலோடு இறங்கக்கூடாது.
- முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாகச் சாயக்கூடாது.
- இறங்கிய இடத்தில் இரண்டு வினாடி ஆடாமல் நிற்கமுடியவேண்டும்.

இந்த நான்கும் வந்த பிறகுதான் உயரம், தூரம், பெட்டி எல்லாம்.

தரையிறங்கக் கற்பது காயத்தையும் தடுக்கிறது. 7 முதல் 13 வயதுவரையிலான காற்பந்துப் பிள்ளைகளுக்காக 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' என்ற தயார்ப்படுத்தும் பயிற்சி உண்டு. ஒற்றைக்காலில் குதிப்பது, சமநிலை, பத்திரமாக விழுவது எல்லாம் அதில் வரும். ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் ஏறக்குறைய 3,900 பிள்ளைகளிடம் அதைச் சோதித்தபோது காயங்கள் 48 விழுக்காடு குறைந்தன. விளையாட்டு தொடங்குவதற்குமுன் செய்யும் அந்தக் கொஞ்ச நேரப் பயிற்சிக்கு அவ்வளவு பலன்.

இடமும் முக்கியம். புல்தரை, ரப்பர் ஓடுபாதை, பள்ளி மண்டபத்தின் மரத்தரை நல்லவை. வீவக புளோக் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரை பயிற்சிக்கு ஏற்றதல்ல. தடித்த மெத்தையும் வேண்டாம், கணுக்கால் பிசகலாம்.

எப்போது நிறுத்தவேண்டும்?

பயிற்சிக்கு மறுநாள் தொடையில் லேசாக வலிப்பது சாதாரணம். ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டி "இங்கேதான் வலிக்குது" என்றால் கவனிக்கவேண்டும்.

முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்புப் புடைப்பில் வலி என்றால் 'ஆஸ்குட்-ஷ்லாட்டர்' என்ற நிலையாக இருக்கலாம். குதிகாலின் பின்பக்கம் வலி என்றால் 'சீவர்' என்ற நிலையாக இருக்கலாம். இரண்டும் வேகமாக வளரும் காலத்தில், நிறைய ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருபவை. பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். ஆனால் "பொறுத்துக்கோ, பழகிடும்" என்று தொடரவைத்தால் இழுத்துக்கொண்டே போகும். நொண்டல், வீக்கம், இரவிலும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில மாதத்தில் காற்சட்டை மூன்று விரல் ஏறிவிட்டதா? பிள்ளை வேகமாக வளர்கிறது என்று பொருள். அந்தக் காலத்தில் பலருக்கு உடல் கொஞ்சம் தடுமாறும். நேற்றுவரை நன்றாகத் தாண்டியவர் இன்று கால் இடறுவார். அது சோம்பல் அல்ல. அப்போது குதிப்பைக் குறைத்து, தரையிறங்குவதை மறுபடி சொல்லிக்கொடுக்கவேண்டும்.

வகுப்பில் சேர்ப்பதற்குமுன் கேட்கவேண்டியவை

- ஒரு முறைக்கு எத்தனை குதிப்பு? யாராவது எண்ணுகிறார்களா?
- முதல் சில வாரம் என்ன சொல்லித்தருகிறீர்கள்? ("தரையிறங்க" என்ற பதில் வந்தால் நல்ல அறிகுறி.)
- ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள்?
- வலி என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் இன்னும் சில ஆலோசனைகளைத் தருகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த ஒரு விளையாட்டிலிருந்து விடுமுறை. ஒரே விளையாட்டில் தீவிரமாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போட்டால் பெரும்பாலோருக்கு நல்லது.

வகுப்புக்குக் காசு இல்லையென்றால்?

கவலை வேண்டாம். உங்கள் அம்மாவிடம் 'ஸீரோ பாயிண்ட்' பற்றிக் கேளுங்கள். ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கி, முட்டி, இடுப்பு, தோள் என்று உயர்த்திக்கொண்டே போய்த் தாண்டும் விளையாட்டு. பாட்டியிடம் பாண்டி ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கட்டம் போட்டு, சில்லு எறிந்து, ஒற்றைக்காலில் நொண்டிப் போய்க் கோட்டை மிதிக்காமல் நின்று திரும்புவது.

படிப்படியாகக் கூடும் கடினம், ஒற்றைக்கால் சமநிலை, கட்டுப்பாட்டோடு தரையிறங்குவது, நடுவே வரிசையில் காத்திருக்கும் ஓய்வு. இன்றைய பயிற்சித் திட்டம் கேட்கும் எல்லாமே அதில் இருந்தன. "இந்த வயசுல இப்படிக் குதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்" என்று கேட்கும் பாட்டியே சின்ன வயதில் எத்தனை ஆயிரம் முறை குதித்திருப்பார்!

அடுத்த சனிக்கிழமை அந்தத் திடலுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். பிள்ளை குதித்து முடித்ததும் "எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள். "சத்தமே கேக்கலையே, எப்படி இறங்கின?" என்று கேளுங்கள். தூரத்தை அளக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஒருவராவது வேண்டும்.